‘கிராபிக்ஸ் சுமார்’ என்று எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் சினிமாப் பக்கத்தில் அறிவியல் புனைவுப் படங்களுக்கும் ஆக்‌ஷன் படங்களுக்கும் வரும் விமர்சனங்களை விடாமல் படித்து வருகிறேன். கதை, நடிப்பு, பாடல் பற்றியெல்லாம் விரிவாக எழுதும் விமர்சனம், படத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும் சண்டைக்கும், கணினியில் உருவாக்கும் சி.ஜி. காட்சிகளுக்கும் வந்ததும் ‘கிராபிக்ஸ் சுமார்’, ‘ஸ்டண்ட் மிரட்டல்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எந்த இடத்தில் கெட்டது, ஏன் கெட்டது என்று வாசகருக்குத் தெரிவதில்லை. அதனால் ‘அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை’ என்ற ஒரே விளக்கத்தை எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விளக்கம் பெரும்பாலும் தவறு.

ஜப்பானில் 2023-ல் வெளியான ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 610 சி.ஜி. ஷாட்கள், செய்தவர்கள் 35 பேர். ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவான செலவில் முடிந்த படம். 2024-ல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் விருதை அதுதான் வாங்கியது. அதே பிரிவில் போட்டியிட்டவற்றில் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் செலவழித்த படங்கள் இருந்தன. எப்படி முடிந்தது என்றால், இயக்குநர் தகாஷி யமசாகியே விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளரும்கூட. சி.ஜி. கலைஞர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். ஒரு ஷாட்டைச் செய்தவர் திரும்பிக் கேட்டால் ‘சரி’ அல்லது ‘மாற்று’ என்ற பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

பெரிய தயாரிப்புகளில் இது நடப்பதில்லை. கலைஞர் செய்ததை அவருடைய குழுத் தலைவர் பார்ப்பார், பிறகு ஸ்டூடியோவின் மேற்பார்வையாளர், பிறகு படத்தின் மேற்பார்வையாளர், பிறகு இயக்குநர், கடைசியில் தயாரிப்பாளர். ஒவ்வொரு படியிலும் ஒரு திருத்தம். இதற்கிடையில் எடிட்டிங் மாறும். பகலில் நடப்பதாக இருந்த காட்சியை இரவாக்கச் சொல்வார்கள். வெளியீட்டுத் தேதி மட்டும் நகராது. அப்போது அடிவாங்குவது கடைசி அரை மணி நேரம், அதாவது கிளைமாக்ஸ்தான். ஏனென்றால் அந்த ஷாட்கள்தான் கடைசியாக முடிவு செய்யப்படும். முதல் பாதியில் கச்சிதமாக இருந்த சி.ஜி. கிளைமாக்ஸில் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது என்றால், காசு தீர்ந்தது என்பதைவிட நாள் தீர்ந்தது என்பதே பெரும்பாலும் சரியான காரணம். விமர்சகர் இதை எழுதலாம். படத்தைப் பார்த்தாலே தெரிகிற விஷயம்தான்.

அடுத்தது எடை. ராட்சத உருவம் வரும் காட்சிகளில் நம் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் தோலோ முடியோ அல்ல, வேகம்தான். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட சுமார் 4.5 நொடி ஆகும். படத்தில் அது 2 நொடியில் விழுந்துவிட்டால், கட்டடம் 20 மீட்டர்தான் என்று நம் மூளை தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. கலைஞர்கள் ஜன்னல் ஜன்னலாக எத்தனை மாடி வரைந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. கணினிக்கு முந்தைய காலத்தில் சின்ன மாதிரிகளை வைத்துப் படம் எடுத்தவர்களுக்கு இது பாலபாடம். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலப்படிதான் குறையும். மாதிரி 25-ல் ஒரு பங்கு அளவில் இருந்தால், 25-ன் வர்க்கமூலம் 5. ஆகவே வழக்கமான நொடிக்கு 24 பிரேமுக்குப் (தனிப் படத்துக்குப்) பதிலாக அதன் 5 மடங்கு, 120 பிரேமில் எடுப்பார்கள். 24-ல் ஓட்டும்போது இடிபாடு நிதானமாகச் சரியும், பெரிதாகத் தெரியும். தண்ணீர்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. மாதிரியைச் சின்னதாக்கலாம், நீர்த்துளியைச் சின்னதாக்க முடியாது. இன்றைக்குக் கணினியிலும் இதே தவறு நடக்கிறது. கடல் பொங்கும் காட்சியை அளவு தப்பிக் கணக்கிட்டால் அலை வாளித் தண்ணீர்போலத் தளும்பும். மேலே சொன்ன ஜப்பானியப் படத்தின் கடல் காட்சிகள் நிற்பதற்குக் காரணம் அலையின் நிதானமும் நுரையின் நுணுக்கமும்தான். அதோடு படத்தில் வரும் படகை நிஜமாகவே கடலில் விட்டு, நடிகர்களை அதில் ஏற்றிப் படமெடுத்தார்கள். மனிதர்கள் ஆடுகிற ஆட்டம் நிஜம் என்பதால், பின்னால் வரும் உருவத்தையும் நம்புகிறோம்.

சி.ஜி. மிருகம் எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டிய இடம் பாதம். முகத்துக்குத்தான் எல்லோரும் உழைப்பார்கள். பாதம் தரையில் ஊன்றியபின் ஓர் அங்குலம் வழுக்கினாலும் மொத்த உருவமும் காற்றில் மிதப்பதுபோல ஆகிவிடும். உயரத்திலிருந்து குதித்து இறங்கும்போது முன்னங்கால் மடங்கி, தோள்பட்டை மேலே துருத்தி, வயிறு ஒரு கணம் தாமதமாகக் கீழே இறங்க வேண்டும். மூன்றும் ஒரே பிரேமில் நின்றுவிட்டால் எடை இல்லை. அடுத்து நிழல். பாதம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கரிய கோடு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உருவம் ஒட்டவைத்த ஸ்டிக்கர்தான். மூன்றாவது, கருப்பு. புழுதியோ பனியோ நிறைந்த காட்சியில் 200 மீட்டர் தூரத்தில் நிற்கும் எதுவும் முழுக் கருப்பாக இருக்காது. இடையில் உள்ள காற்று அதை வெளுக்க வைக்கும். தூரத்து சி.ஜி. உருவம் பக்கத்தில் நிற்கும் மனிதரின் தலைமுடியைவிடக் கருப்பாகத் தெரிந்தால், கண் அதை ஏற்காது. பல படங்களில் ‘என்னமோ ஒட்டவில்லை’ என்று நாம் உணர்வது இதைத்தான்.

நடிகருக்குப் பின்னால் பச்சைத் திரையைக் கட்டி, பிறகு கணினியில் அதைப் பின்னணியாக மாற்றுவது வழக்கம். இப்போது அதற்குப் பதில் எல்.இ.டி. சுவர் வந்திருக்கிறது. நடிகரைச் சுற்றி வளைவான பெரிய திரை. அதிலேயே பின்னணி ஓடும். உலோகத்திலும் கண்ணாடியிலும் பின்னணி நிஜமாகவே பிரதிபலிக்கும் என்பது அதன் பெரிய நன்மை. 2022-ல் வந்த ‘தி பேட்மேன்’ படத்தில் நகரத்தின் அந்தி வானத்துக்கு இதைப் பயன்படுத்தியது பொருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தி வெளிச்சம் மென்மையானது. உச்சி வெயில் வேண்டுமென்றால் இந்தச் சுவரால் முடியாது. சுவர் பரந்து விரிந்த விளக்கு. சூரியனைப்போலக் கூர்மையான நிழலைத் தராது. பாலைவனத்தில் நிற்கும் கதாபாத்திரத்தின் மூக்கின் கீழே நிழலே இல்லையென்றால் அவர் அறைக்குள் நிற்கிறார் என்று அர்த்தம். நடமாடும் இடமும் குறுகிப்போகிறது. கதாபாத்திரங்கள் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் ஒரே வட்டத்துக்குள் நின்று பேசிக்கொண்டிருக்கும் படங்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘டியூன்’ படங்களில் (2021, 2024) டெனி வில்நவ் வேறு வழியை எடுத்தார். பச்சைத் திரைக்குப் பதில் மணல் நிறத் திரை. பச்சைத் திரையிலிருந்து பச்சை வெளிச்சம் நடிகரின் கன்னத்திலும் முடி ஓரத்திலும் தெறிக்கும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கும்போது முடியின் இழையும் சேர்ந்து போகும். மணல் நிறம் தெறித்தால் பாலைவனத்தில் அது இருக்க வேண்டிய நிறம்தானே. இரண்டாம் பாகத்தில் ஹார்க்கோனன் என்ற வில்லன் குலத்தின் கிரகத்தில் நடக்கும் அரங்கச் சண்டையை அகச்சிவப்பு ஒளியை மட்டும் பதிவு செய்யும்படி மாற்றிய கேமராவில் எடுத்தார் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர். தோல் மெழுகுபோலத் தெரிகிறது, கண்கள் வேறு மாதிரி ஆகின்றன. அந்தச் சூரியன் வேறு சூரியன் என்பதை ஒரு வரி வசனம் இல்லாமல் ஒளியாலேயே சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால் சமீப காலத்தின் மிகச் சிறந்த அறிவியல் புனைவுக் காட்சி அதுதான். ‘தி கிரியேட்டர்’ (2023) கிட்டத்தட்ட 8 கோடி டாலரில் எடுக்கப்பட்டது. கையடக்கமான கேமராவை எடுத்துக்கொண்டு நிஜ இடங்களுக்குப் போய்ப் படம் பிடித்து, எடிட் செய்து முடித்தபின்தான் எந்த முகத்தை ரோபோவாக்குவது, எந்த மலைமேல் கோபுரம் வைப்பது என்று தீர்மானித்தார்கள். தேவையில்லாத சி.ஜி. செய்யவே வேண்டியிருக்கவில்லை. படத்தின் கதை அந்த அளவுக்குத் தேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ‘கல்கி 2898 ஏடி’ (2024) படத்துக்காக மூன்று சக்கர ‘புஜ்ஜி’ வாகனத்தை ஏறக்குறைய 6 டன் எடையில் நிஜமாகவே ஓடும்படி கட்டினார்கள். சரியான இடத்தில் செய்த செலவு என்பேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். சண்டை புரிய வேண்டுமென்றால் யார் எங்கே நிற்கிறார், எங்கே போக வேண்டும், குறுக்கே என்ன இருக்கிறது என்ற மூன்றும் பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘டாப் கன்: மேவரிக்’ (2022) இதற்கு ஒரு பாடமே நடத்துகிறது. போர் விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட அந்தக் கடைசித் தாக்குதலை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார் என்றால் அதற்கான வேலை ஒரு மணி நேரம் முன்பே நடந்துவிட்டது. பள்ளத்தாக்குக்குள் தாழப் பறக்க வேண்டும், ஏனென்றால் மேலே ஏவுகணை. இரண்டரை நிமிடத்துக்குள் இலக்கை அடைய வேண்டும், ஏனென்றால் எதிரி விமானங்கள் கிளம்பிவிடும். குண்டு போட்டதும் செங்குத்தாக மேலே ஏற வேண்டும், ஏனென்றால் எதிரே மலை. அப்போது உடல் எடை பல மடங்காகி நினைவு தப்பலாம். இதை முதலில் வரைபடத்தில் காட்டுகிறார்கள். பிறகு பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் தோற்பதைக் காட்டுகிறார்கள். தாக்குதல் தொடங்கும்போது யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வளைவும் நமக்கே தெரியும். காக்பிட்டுக்குள் ஆறு கேமராக்களைப் பொருத்தி நடிகர்களை நிஜ விமானத்தில் ஏற்றினார்கள் என்பதை மட்டுமே எல்லோரும் பேசினார்கள். அதே படத்தில் எதிரி விமானங்கள் கணினியில் உருவானவை. நிஜமா, சி.ஜி.யா என்ற பட்டிமன்றமே வீண். முகத்தில் ஏறும் அழுத்தம் நிஜம், எதிரே வரும் விமானம் சி.ஜி.; இரண்டும் சேர்ந்துதான் காட்சி. ‘மிஷன் இம்பாசிபிள்: டெட் ரெக்கனிங்’ (2023) படத்தில் டாம் க்ரூஸ் நார்வே மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தது நிஜம். அதற்காகக் கட்டிய சாய்தளத்தைப் பாறையாக மாற்றியது சி.ஜி.

வேகமான கட்டிங்கைக் குறை சொல்பவர்கள் ‘மேட் மேக்ஸ்: ப்யூரி ரோட்’ (2015) படத்தை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 கட்கள், அதாவது ஷாட் மாற்றங்கள். சராசரியாக ஒரு ஷாட் மூன்று நொடிகூட நிற்பதில்லை; ஆனாலும் ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை. திரையில் முக்கியமான விஷயம் எப்போதும் பிரேமின் நடுவிலேயே இருக்கும்படி ஜார்ஜ் மில்லர் எடுத்தார். இதன் அருமை ஒரு சின்னக் கணக்கில் புரியும். திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கண் தாவத் தொடங்கவே சுமார் 200 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 24 பிரேம் என்றால், அது 5 பிரேம். அரை நொடி, அதாவது 12 பிரேம் மட்டுமே நிற்கும் ஷாட்டில் இடது ஓரத்தில் விட்ட பார்வையை வலது ஓரத்தில் தேட வைத்தால், ஷாட்டில் கிட்டத்தட்டப் பாதி வீண். அதுபோல அடுத்தடுத்து பத்து ஷாட் வந்தால் ஏதோ நடக்கிறது என்பது மட்டும்தான் மிஞ்சும். ஆகவே ‘எடிட்டிங் ரொம்ப வேகம்’ என்று எழுதுவதைவிட, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குப் பார்வை எங்கே தாவ வேண்டியிருக்கிறது என்று பார்த்து எழுதினால் உண்மை வெளிவரும். இதோடு, துரத்தல் காட்சியில் ஓடுபவர் இடமிருந்து வலமாக ஓடினால் துரத்துபவரும் இடமிருந்து வலமாகத்தான் வர வேண்டும். கேமரா மறுபக்கம் போய்விட்டால் இருவரும் நேருக்கு நேர் ஓடி வருவதாகத் தோன்றும். பழைய விதிதான், இன்றைக்கும் பெரிய படங்களிலேயே மீறுகிறார்கள்.

‘ஜான் விக்’ நான்காம் பாகத்தில் (2023) ஒரு வீட்டுச் சண்டையை உச்சியிலிருந்து, கூரையே இல்லாததுபோல நகர்ந்துகொண்டே காட்டுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் எதிரி நமக்குத் தெரிகிறார், நாயகனுக்குத் தெரியவில்லை. பதற்றம் அங்கேதான் பிறக்கிறது. அதே படத்தில் பாரிஸின் 222 படிக்கட்டுச் சண்டை. விடிவதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் வந்தார், எவ்வளவு உருண்டுபோனார் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி ஸ்டண்ட் கலைஞராக இருந்து வந்தவர். நடிகர் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தால்தான் கேமரா பின்னால் தள்ளி நின்று முழு உடலையும் காட்ட முடியும் என்று அவருக்குத் தெரியும். பயிற்சி இல்லாத இடத்தில்தான் கேமராவை உலுக்குகிறார்கள். தமிழில் ‘கைதி’ (2019) இந்த வகையில் தேர்ந்த படம். ஒரே இரவு, ஒரு லாரி, மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்கள், இன்னொரு பக்கம் முற்றுகையில் இருக்கும் அலுவலகம். சண்டை எங்கே தொடங்கினாலும் லாரி நகர வேண்டும் என்பது மறப்பதில்லை.

நம் படங்களில் ஆள் பறக்கும் அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அது நம் சினிமாவின் பாணி, திரையரங்கில் அதற்கு ஒரு கொண்டாட்டம் இருக்கிறது. ஆளைக் கட்டி இழுக்கும் ரோப் தெரிந்துவிடுவதுதான் தவறு. கம்பியைக் கணினியில் அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கம்பி இழுத்த விதம் உடலில் அப்படியே தங்கிவிடுகிறது. முகத்தில் அடி விழுந்தால் முதலில் போக வேண்டியது தலை. ரோப் இடுப்பில் கட்டியிருப்பதால் இடுப்பு முதலில் போகிறது, தலையும் கைகாலும் பின்னால் இழுபட்டுப் போகின்றன. அடிபட்ட உடல் அடிபட்ட அந்தக் கணத்தில்தான் அதிக வேகத்தில் இருக்கும். இழுக்கப்படும் உடலோ போகப்போக வேகம் எடுக்கும். எறியப்பட்ட உடல் வளைந்து விழும். ரோப்பில் போகும் உடல் நேர்கோட்டில் போகும். பல நேரம் முஷ்டி படுவதற்கு இரண்டு பிரேம் முன்பே ஆள் கிளம்பிவிடுகிறார். தேர்ந்த ஸ்டண்ட் மாஸ்டர்கள் இதைச் சரிசெய்யும் வழிகள் எளிமையானவை. அடி வாங்குபவர் இழுவை தொடங்குமுன் தலையைத் தானே திருப்ப வேண்டும். கேமரா அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இழுவையின் நடுப்பகுதியை வெட்டிவிட்டு, விழுந்து மோதும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும். மோதும் இடத்தில் மேசை உடைய வேண்டும், புழுதி கிளம்ப வேண்டும்.

துப்பாக்கிக் குண்டு பட்டு ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவது இன்னும் மோசம். 8 கிராம் குண்டு நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ உடலில் தைத்தால், அந்த உடலுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு சுமார் 4 சென்டிமீட்டர். ஆள் நின்ற இடத்திலேயே சரிவார். திரையில் அதுதான் அதிகம் அதிரவும் வைக்கும்.

ஸ்லோ மோஷன் பற்றி ஒரே வார்த்தை. 120 பிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் விரல் நுனிவரை தெளிவாக இருக்கும். 24-ல் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் மனம் மாறி இழுத்தால், இல்லாத பிரேம்களைக் கணினி ஊகித்து நிரப்பும். வேகமாகப் போகும் கையின் ஓரம் உருகி வழிவதுபோலத் தெரியும். முன்கூட்டியே தீர்மானிக்காததன் அடையாளம் அது.

அறிவியல் புனைவில் நான் அதிகம் வருத்தப்படுவது விதி விஷயத்தில். நடக்காத ஒன்றை நடப்பதாக வைத்துக்கொள்ள எந்தப் பார்வையாளரும் தயார். ஆனால் அதன் எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னபின் மீறக் கூடாது. ‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) இன்றும் மறுவெளியீட்டில் கூட்டம் சேர்ப்பதற்கு அதன் கருந்துளை மட்டும் காரணம் அல்ல. அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் 7 ஆண்டு என்று இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால், அங்கே ஒவ்வொரு 1.4 நொடிக்கும் பூமியில் ஒரு நாள் கழிகிறது. அந்தக் காட்சியில் சண்டை இல்லை, வில்லன் இல்லை. உடைந்து கிடக்கும் பாகங்களில் சிக்கி அரை நிமிடம் தாமதித்தாலே நெஞ்சு அடைக்கிறது. திரும்பி வந்தபோது 23 ஆண்டுகள் போய்விட்டன என்ற வசனம் இடிபோல இறங்குவதற்கு அந்த ஒரு வரி விதிதான் அடித்தளம்.

தமிழில் ‘இன்று நேற்று நாளை’ (2015) சின்ன பட்ஜெட்டில் இதைச் சாதித்தது. கால இயந்திரத்தை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். அந்தப் போக்கில் சாக வேண்டிய ஒரு ரவுடி பிழைத்துவிட, எல்லாம் தலைகீழாகிறது. செய்தால் விளைவு உண்டு என்ற ஒரே விதியிலிருந்து படம் விலகவில்லை. ‘மாநாடு’ (2021) இன்னும் ஒரு படி மேல். நாயகன் செத்தால் விமானத்தில் கண்விழித்து அந்த நாள் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் நாம் ஏற்கெனவே பார்த்ததை எடிட்டர் பிரவீன் கே.எல். குறுக்கிக்கொண்டே போகிறார், சுற்றை முடிக்க ஒரு பார்வை, ஒரு சொல்லே போதும் என்ற நிலை வருகிறது. வில்லனுக்கும் அதே நாள் திரும்பத் தொடங்கும்போது ஆட்டம் சூடுபிடிக்கிறது, ஏனென்றால் விதி இருவருக்கும் பொது. மாறாக, சமீபத்திய இரண்டு ‘மிஷன் இம்பாசிபிள்’ படங்களில் வில்லன் ஒரு செயற்கை நுண்ணறிவு. அந்த நுண்ணறிவால் எதையும் செய்ய முடியும் என்கிறார்கள். எதைச் செய்ய முடியாது என்று தெளிவாகச் சொல்லவில்லை. எல்லை தெரியாத எதிரியை எப்படி வென்றாலும் அது கதாசிரியர் விட்டுக்கொடுத்ததாகத்தான் தோன்றுகிறது. அந்த இரண்டு படங்களிலும் உடல் சார்ந்த சாகசங்கள் மனதில் நிற்க, எதிரி நிற்காமல் போனது இதனால்தான். இணைப் பிரபஞ்சக் கதைகளின் சிக்கலும் அதே. ஒருவர் செத்தால் பக்கத்துப் பிரபஞ்சத்திலிருந்து இன்னொருவரைக் கொண்டுவரலாம் என்றானபின் சாவுக்கு எதற்குக் கலங்குவது?

அறிவியல் பிழை என்று எழுதும்போதும் தராசு சரியாக இருக்க வேண்டும். ‘கிராவிட்டி’ (2013) படத்தில் ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகிறார்கள். ஹப்பிளின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்வு. நிலையத்தின் பாதை 51.6 பாகை. அந்தச் சாய்வை மாற்றவே நொடிக்கு 3 கிலோமீட்டர் அளவுக்கு வேக மாற்றம் வேண்டும். முதுகில் கட்டிய சின்ன உந்துகருவியால் அது ஆகாது. இருந்தாலும் நான் அதை மன்னிப்பேன். அது கதை தொடங்க எடுத்துக்கொண்ட சலுகை. கயிற்றில் பிடித்து நின்றுவிட்ட மனிதரை ஏதோ ஒன்று தொடர்ந்து வெளியே இழுப்பதாகக் காட்டியதை மன்னிக்க மாட்டேன். நின்றபின் அங்கே இழுக்க எந்த விசையும் இல்லை. லேசாகச் சுண்டினால் அவர் திரும்பி வந்துவிடுவார். ஒரு மனிதரின் சாவையே அந்தப் பிழைமேல் நிறுத்தியிருக்கிறார்கள். அதே படம் ஒலியில் காட்டிய நேர்மை அபாரமானது. வெற்றிடத்தில் வெடிச் சத்தம் கேட்காது. கையுறை கருவியைத் தொடும்போது மட்டும் அதிர்வு உடைவழியாக மந்தமாகக் கேட்கும். பின்னால் எல்லாம் உடைந்து சிதறும்போது நமக்குக் கேட்பது இசையும் மூச்சும்தான். கதையின் முடிச்சைத் தாங்கும் பிழை எது, ஓரத்தில் கிடக்கும் பிழை எது என்று விமர்சனம் பிரித்துச் சொன்னால் வாசகருக்குப் பயன்.

படத்தின் தவறும் திரையரங்கின் தவறும் கலந்துபோகிற இடம் ஒன்று உண்டு. ‘வசனமே கேட்கவில்லை’ என்ற புகார் ‘டெனெட்’ (2020) வந்தபோது உலகம் முழுக்க எழுந்தது. அதற்கு இயக்குநரின் விருப்பமே காரணம். பல படங்களில் காரணம் வேறு. வசனம், இசை, ஓசை எல்லாவற்றையும் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் அரங்கில் ஒலி அளவுக் குமிழை 7-ல் வைத்துத்தான் படத்தை முடிக்கிறார்கள். திரையரங்கில் சத்தம் அதிகம் என்று யாராவது சொன்னதும் 5-க்கு இறக்கிவிடுகிறார்கள். ஏறக்குறைய 7 டெசிபல் குறைகிறது. வெடிச்சத்தம் குறைந்தாலும் வெடிச்சத்தம்தான். முணுமுணுத்த வசனம் காணாமல் போய்விடுகிறது. இது தெரிந்து அடுத்த படத்தை இன்னும் உரக்க மிக்ஸ் செய்கிறார்கள், திரையரங்கு இன்னும் இறக்குகிறது. வெளிச்சத்திலும் இதே கதை. திரையில் 14 அடி-லாம்பெர்ட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும் என்ற கணக்கில்தான் படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் டி.ஐ. வேலையைச் செய்கிறார்கள். முப்பரிமாணத்தில் கண்ணாடி போட்டபின் அதில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவது அரிது. விளக்கு பழசானால் இன்னும் குறையும். இரவுச் சண்டை வரும் படத்தை அப்படிப் பார்த்துவிட்டு ‘ஒளிப்பதிவு இருட்டு’ என்று எழுதினால் ஒளிப்பதிவாளருக்கு அநியாயம். எல்லாக் காட்சியும் மங்கலாக இருந்ததா, இரவுக் காட்சி மட்டுமா என்று பார்த்தாலே விடை கிடைக்கும். முகப்புத் தலைப்பின் வெள்ளை எழுத்தே சாம்பலாகத் தெரிந்தால் குற்றம் படத்தினுடையது அல்ல.

தமிழில் டப்பிங் ஆகி வரும் வெளிநாட்டு அறிவியல் புனைவுப் படங்களுக்கு இது இன்னும் பொருந்தும். இசையும் ஓசைகளும் மூலப் படத்திலிருந்து தனித்தடமாக வரும்; வசனம் மட்டும் இங்கே பதிவாகும். தலைக்கவசத்துக்குள் பேசும் குரல் கவசத்துக்குள் ஒலிக்க வேண்டும். வானொலியில் வரும் குரல் மெலிந்து கரகரக்க வேண்டும். பெரிய மண்டபத்தில் பேசினால் எதிரொலிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் ஒலிப்பதிவு அறையில் பேசியதை அப்படியே ஒட்டினால், விண்கலத்தில் இருப்பவர் நம் காதருகே பேசுவதுபோல இருக்கும். மூலத்துக்குக் குறையாத அளவுக்கு நன்றாகச் செய்த டப்பிங்கும் வருகிறது; அவர்களை யாரும் ஒரு வரிகூடப் பாராட்டுவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வகைப் படங்களின் விமர்சனத்துக்குக் கீழே, எந்த மொழி வடிவம், முப்பரிமாணமா இல்லையா, ஐமேக்ஸா சாதாரணத் திரையா, ஒலியும் வெளிச்சமும் சரியாக இருந்தனவா என்று இரண்டு வரி சேருங்கள். விமர்சனத்துக்குள் ஒரே ஒரு சண்டையையோ ஒரே ஒரு சி.ஜி. ஷாட்டையோ எடுத்துக்கொண்டு, அது ஏன் நின்றது அல்லது ஏன் விழுந்தது என்று ஒரு பத்தி எழுதுங்கள். இடம் இல்லையென்றால் கதைச் சுருக்கத்தில் ஒரு பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தக் கதையை முன்னோட்டத்திலேயே எல்லோரும் பார்த்துவிட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்